கல் திறக்கும் நாளுக்கான குரல்

என் அன்பு மகள் அவாதேயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடல் காற்றும் கோழிகளும் நானும் இங்கே சுகம், நீ அந்தச் செம்மண் சுரங்கக் காட்டில் சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மலை மாதிரி லாரியை ஓட்டும்போது கண் அசராமல் இருக்கிறாயா என்பதுதான் விடிந்ததும் என் முதல் நினைப்பு. நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் அனாஹேரா நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடமும் தேறிவிட்டாள், ஊசி போடுவதில் அவள்தான் வகுப்பிலேயே முதலாம், வலித்ததே தெரியவில்லை என்று கிஸ்போர்ன் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் அவளைக் கட்டிக்கொண்டாராம். அவள் தம்பி நீக்காவ் பள்ளிக்கூட ரக்பி முதல் அணிக்கு எடுக்கப்பட்டுவிட்டான், இந்த வயதில் நம் குடும்பத்தில் யாரும் அங்கே போனதில்லை, உன் அப்பாகூட இரண்டாம் அணியோடு நின்றவர்தான். சின்னவள் பியாத்தா பேச்சுப் போட்டியில் விலாங்கு மீனைப் பற்றி நம் மொழியிலேயே பேசிக் கோப்பை வாங்கினாள், நடுவர் ஏதோ கேட்டதற்கு, "விலாங்குக்குத்தான் தெரியும், அதுகிட்ட கேளுங்க" என்றாளாம். உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு நீ சொல்லித் தருகிறாய் என்று அண்ணன் சொன்னான், ஆண்பிள்ளைகள் உன்னிடம் பாடம் கேட்கிறார்கள் என்பதை நான் கடையில் போய்ச் சொன்னேன், தபால் பார்க்கிற பெண் சிரித்துக்கொண்டே, "ரங்கிமாரி ஆன்ட்டி, போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க" என்றாள். சொன்னால் என்ன, மறுபடியும் சொல்வேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வயிற்றிலும் வயிற்றின் வயிற்றிலும் பிறந்ததுகள் இதெல்லாம் செய்யும்போது ஒரு தடவை சொல்லி நிறுத்த எனக்கு வாய் வராது.

இப்போது வாய் விஷயத்துக்கே வருகிறேன். போன ஞாயிறு போனில் நான் பேசத் தொடங்கியதும் இருமல் வந்துவிட்டது, நீ பயந்துவிட்டாய். உன் முகாமில் யாரோ ஒருவன் சொன்னானாம், சிகரெட்டை விட்டு இந்த வேப் என்கிற மின்சார சிகரெட்டுக்கு மாறினவர்களுக்கு நுரையீரல் வெந்துபோகிறது என்று. அதைத் தூக்கிக் கடலில் போடு, அப்பாவின் கல்லறைக் கல் திறப்பு அன்றைக்கு வருகிறவர்களை மக்கரேத்தா பெரியம்மா கூவிக் கூப்பிடட்டும், நீ பேசாமல் உட்கார்ந்திரு என்று சொல்லி அழுதாய், நான் பதில் சொல்வதற்குள் உனக்கு ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. எனக்கு அன்று முழுவதும் மனசே ஆறவில்லை. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, இருமலும் பேச விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

உன் அப்பாவின் சாவுக்கு நீ வந்து மூன்று நாள் இருந்தாய். அந்த மூன்று நாளும் நான் சவப்பெட்டியின் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாய். விதவை அன்று வாய் திறக்கக் கூடாது, வருகிறவர்களைத் தாழ்வாரத்திலிருந்து கூவி அழைப்பது வேறு பெண்களின் வேலை. உன் அப்பாவை நம் ஊர் மராய் மண்டபத்துக்குள் தூக்கி வந்தபோது கூப்பிட்ட குரல் மக்கரேத்தாவுடையது. இத்தனை வருடமாக ஊரில் யார் போனாலும் கூப்பிட்டவள் நான், என் ராவிரிக்கு மட்டும் நான் கூப்பிடவில்லை. ஒரு வருடம் கழிந்து கல்லறைக் கல்லின் மூடுதுணியை எடுத்துத் திறக்கும் நாளில் துக்கம் இறங்கிவிடும், அன்று அவருக்காக நான் எழுந்து நிற்கலாம். அது ஒரு நாள்தான் மகளே. ஒருவருக்கு இரண்டு முறை கல் திறக்க மாட்டார்கள். அதனால்தான் உன் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பிறகு ஒரு மாதம்போல யோசித்தேன். மேட்டில் இருக்கிற கல்லறைக்கு ஏற முடியாமல் வழியில் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு வரி கூவுவதற்குள் மூச்சு தீர்ந்து இரண்டாம் வரி கொட்டாவி மாதிரி வருகிறது, இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவரை எப்படிக் கூப்பிடுவது. அப்படித்தான் புகையிலைப் பொட்டலத்தை விட்டேன். சும்மா விட முடியவில்லை, தோலில் நிக்கோட்டின் பட்டை ஒட்டிப் பார்த்தேன், நிக்கோட்டின் சூயிங்கம் மென்று பார்த்தேன், பல்செட்டில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிறகுதான் கிளினிக்கில் நர்ஸ் வென்டி வேப்பைப் பற்றிச் சொன்னாள், அனாஹேரா என்னைக் கடைக்குக் கூட்டிப் போனாள். மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. எந்த வாசனை வேண்டும் என்று கேட்டான் அங்கிருந்த பையன், காதில் மூன்று வளையம். நம் கொல்லையில் ஃபெய்ஜோவாப் பழம் கொட்டி அழுகிக் கிடக்கிறது, நான் அதே வாசனையை ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாறினதும் என்ன ஆனது என்று உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், எதையும் மறைக்கவில்லை. முதல் இரண்டு வாரம் இருமல் கூடியது, குறையவில்லை. சளி வந்தது, எந்தக் காலத்துச் சளியோ தெரியாது. வாய் மரத்தூள் தின்ற மாதிரி காய்ந்தது. நாக்கு செத்துப்போய் பன்றி எலும்புக் குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை, உன் அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, கடலையே ஊத்திட்டியா" என்றான். சில நாள் தலை சுற்றியது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வயிற்றைப் புரட்டியது. அதற்குக் காரணம் நானேதான் என்று பிற்பாடு தெரிந்தது. சிகரெட் என்றால் சுருட்ட வேண்டும், வெளியே போக வேண்டும், முடிந்ததும் மிதித்துவிட்டு உள்ளே வந்து வேலையைப் பார்க்க வேண்டும். இந்த வேப்புக்கு முடிவே கிடையாது. நாற்றமும் இல்லை, சாம்பலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. உன் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வாயில், துணி காயப்போடும்போது வாயில், படுக்கையில் வாயில். பேச ஆள் இல்லாத வீட்டில் வாய்க்கு அது ஒரு வேலையாகிவிட்டது.

மலையடி வீட்டு மாத்தியு பெரியவர் பிப்ரவரியில் போனார், உனக்கு அண்ணன் சொல்லியிருப்பான். அன்று நானும் மக்கரேத்தாவும் மராய்த் தாழ்வாரத்தில் நின்றோம், காலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்துகொண்டே இருந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும், பெட்டி இருக்கும் பக்கம் சோறும் தண்ணீரும் வராது. மற்ற பெண்கள் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே சமையல்கட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். நான் அந்த இடைவெளியில் மராய்க்குப் பின்னால் போய் அந்த வேப் குழாயை இழுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பழ வாசனை வருகிறதே, தொண்டை நனைகிற மாதிரியே எனக்கு இருந்தது. மத்தியானம் ஹேஸ்டிங்ஸ் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள், பெரிய கூட்டம், நான் அழைப்பை எடுத்தேன். உங்கள் இறந்தவர்களைச் சுமந்து வாருங்கள் என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. உடையக்கூட இல்லை மகளே, நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அழைப்பு பாதி வழியில் தொங்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், வருகிறவர்களோடு வருகிற அவர்களுடைய இறந்தவர்கள் எங்கே காலை வைப்பார்கள். மக்கரேத்தா என் மூச்சு விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோனாள். வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாப்பாடு ஆனதும் சமையல்கட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அந்தப் பெஞ்சுக்குப் போனேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னைத் தேடிக்கொண்டு வருகிற இடம் அதுதான். நாலு பேராக உட்கார்ந்து ஒரே லைட்டரை மாற்றி மாற்றிப் பற்றவைத்து ஊர் வம்பு முழுவதும் பேசித் தீர்ப்போம், ஒருத்தி போய்ச் சேர்ந்தாள், ஒருத்தி மகன் வீட்டோடு போய்விட்டாள், மிச்சம் மக்கரேத்தா மட்டும். என்னைப் பார்த்ததும், "பழக்கடை வந்துடுச்சு, தள்ளி உக்காருங்க, ஈ மொய்க்கப் போவுது" என்றாள் காற்றிடம். பிறகு, "அம்பது வருஷம் புகையிலையில தேறின தொண்டைடி உன்னோடது, கொஞ்ச நாள் பழச்சாறு ஊதினதும் படுத்துடுச்சு பாரு" என்றாள். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றைச் சுருட்டி, நாக்கால் ஒட்டி, என் விரலுக்கு நடுவே வைத்தாள். "ஒரே ஒரு இழுப்பு இழு, தங்கச்சி. சளி அறுத்துக்கிட்டு வரும், தொண்டை தெளியும். ராவிரி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான், அவனே இதுலதான் போனான்" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள், சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பற்றவைத்துவிட்டால் அந்தப் பெஞ்சும் அவளும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உன் அப்பா கடைசி நாட்களில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, மேட்டில் ஓடுகிற யாரோ ஒரு பையனைப் பார்த்து, "எல்லா காத்தையும் அவனே இழுத்துக்கிட்டு ஓடுறான் பாரு, திருட்டுப் பய" என்று சிரிப்பார், சிரித்ததற்கே மூச்சு வாங்கும். அதை நினைத்துக்கொண்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, "தீ கேக்காதவளோட எனக்கு என்னடி பேச்சு" என்றாள். மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். சிகரெட் என்றால் பக்கத்தில் இருக்கிறவளிடம் தீ கேட்க வேண்டும், இந்தக் குழாய்க்கு யாரும் வேண்டாம், சுவரில் செருகிச் சார்ஜ் போட்டால் போதும். இதை நர்ஸ் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாளே நர்ஸ் வென்டியிடம் போனேன். அவள் திட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்கிறீர்கள் என்றாள், எண்ண முடியாது என்றேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றாள், டீ என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அந்தப் புகை தண்ணி ஆவி இல்ல, தொண்டையில இருக்கிற ஈரத்தையும் அது குடிச்சுடும், நீங்க நாள் முழுக்கத் தண்ணி இல்லாம நின்னு அதையும் இழுத்துட்டு கத்தினா எந்தக் குரல் நிக்கும்" என்றாள். குப்பியில் இருக்கும் நிக்கோட்டின் எனக்கு அதிகம், தலைசுற்றலும் படபடப்பும் அதனால்தான் என்று குறைந்ததாக மாற்றிக் கொடுத்தாள். இருமலும் வறட்சியும் மாறின புதிதில் பலருக்கு வருகிறதுதான், போகப் போகக் குறையும், ஆனால் நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, இரத்தம் வந்தாலோ ஒரு நிமிடம் உட்காராமல் வர வேண்டும் என்றாள். இது நல்லது என்றும் அவள் சொல்லவில்லை, சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு, ரொம்ப வருடம் கழித்து என்ன செய்யும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, இரண்டையும் சேர்த்து மட்டும் இழுக்காதீர்கள், மெதுவாக இதையும் விட்டுவிட வேண்டும் என்றாள். ஐம்பது வருடப் புகை என்பதால் தொண்டையைப் பார்த்துவிடுவோம் என்று கிஸ்போர்னுக்கு அனுப்பினாள், அனாஹேரா கூட வந்தாள். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு டிவியில் காட்டினார், என் குரல் இருக்கிற இடம் என்னவோ மீன் செவுள் மாதிரி இருந்தது. கட்டி எதுவும் இல்லை, காய்ந்து சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். அனாஹேரா வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள், நான்தான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அதனால் உன் முகாமில் பேசுகிறவனிடம் சொல், என் அம்மாவின் நெஞ்சு வேகவில்லை, அவள் தண்ணீர் குடிக்க மறந்த முட்டாள் என்று.

இப்போது காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று வேலியோரம் போய் நின்றுதான் இழுக்கிறேன், வீட்டுக்குள் கிடையாது. கூப்பிடுகிற நாளில் அதை மேசை டிராயரிலேயே வைத்துவிட்டுப் போகப் போகிறேன். இருமல் இறங்கிவிட்டது, போனில் மட்டும்தான் வருகிறது, உன் குரலைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதற்கு வேப் என்ன செய்யும். மேட்டுக்கு நிற்காமல் ஏறுகிறேன். இன்னொன்றும் திரும்பி வந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு வந்துவிட்டது. மழை வருவதற்கு முன்னால் மண் மணக்கிறது, கோழிக் கூண்டு இவ்வளவு நாறும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. போன செவ்வாய் கதவுக்குப் பின்னால் இருந்த உன் அப்பாவின் எண்ணெய்த்துணிக் கோட்டை எடுத்து உதறினேன், அவர் வந்து நின்றார். ஆட்டு ரோமமும் டீசலும் புகையிலையும். ஒரு வருடமாக அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நடக்கிறேன், எனக்கு எதுவும் மணக்கவில்லை, ஏனென்றால் நானும் அதே வாசனைதான். இப்போது நான் வேறாகிவிட்டேன், அவர் மட்டும் அப்படியே இருக்கிறார். அன்று எனக்குப் புகையிலை வேண்டும் என்று இருந்த மாதிரி வேறு எந்த நாளும் இருக்கவில்லை. கோட்டை மாட்டிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மக்கரேத்தா சாலையில் போய்க்கொண்டிருந்தாள், என்ன நினைத்தாளோ, வாசல் கேட்டிலேயே நின்று ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "உன் கிட்ட வர மாட்டேன்டி, என் புகை உன் மேல படக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாளாமே" என்று அங்கிருந்தே கத்தினாள். நான் படியிலிருந்து, "நீ கத்துறதைக் கேட்டா செத்தவனே எழுந்து வருவான், மெதுவாப் பேசு" என்று கத்தினேன். அப்படியே கேட்டுக்கும் படிக்குமாக வம்பு பேசினோம், உருளைக்கிழங்கு விலை, அவள் மருமகளின் முடி, எல்லாம். பிறகு அவள் மிதித்து அணைத்துவிட்டுப் போய்விட்டாள், கேட் சாத்துகிற சத்தம் கேட்டது, நான் உள்ளே வந்து ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பொழுது இப்படித்தான் போகிறது.

நீ சொன்னதற்குப் பதில் இதுதான் மகளே. கல் திறப்பு அன்றைக்கு நான்தான் கூப்பிடுவேன். குரல் வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒத்திகை பார்க்க முடியாது, யாரும் வராத வாசலைப் பார்த்துக் கூவினால் வருகிறவர்கள் வேறு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், அதனால் வீட்டில் ஒரு வரிகூட எடுக்கவில்லை, கோழியைக்கூட மெதுவாகத்தான் கூப்பிடுகிறேன். அன்று வாய் திறந்த பிறகுதான் தெரியும். மக்கரேத்தா என் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள், "உன் குரல் நின்னா நான் தூக்கிக்கிறேன், ஆனா நிறுத்திடாதே, எனக்கு அவன்மேல பழைய கோவம் இருக்கு, நல்லாக் கூப்பிட மாட்டேன்" என்றாள். ஈஸ்டர் சனிக்கிழமை காலை. உனக்கு லீவு கிடைக்காது என்று சொன்னாய், புரிகிறது, ஆனாலும் இன்னொரு தடவை உன் மேலாளரிடம் கேள், அம்மா கேட்கச் சொன்னாள் என்று சொல். கிடைத்தால் வீட்டுக்கு நேரே வராதே, மற்றவர்களோடு வாசலில் நில், நான் கூப்பிட்டு நீ உள்ளே வர வேண்டும், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடி, அந்த ஊர் வெயிலுக்குத் தொப்பி இல்லாமல் இறங்காதே, லாரியில் சத்தமாகப் பாட்டு வைக்காதே, காது போய்விடும். நம் முன்னோர் உன் முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், போகிற பாதையில் கல் இல்லாமல் இருக்கட்டும், நல்லவர்கள் கையால் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. வர முடிந்தாலும் முடியாவிட்டாலும் உன்னுடைய புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம், போன் அணைந்துவிடுகிறது. கல் திறந்த பிறகு உன் அப்பாவின் படத்தை மராயின் பெரிய வீட்டுச் சுவரில் இறந்துபோன மற்றவர்களோடு மாட்ட வேண்டும், அவர் நன்றாகச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் நீ அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாய். உயிரோடு இருக்கிறவர்களை அந்தச் சுவரில் ஏற்றக் கூடாது. அனாஹேரா கம்ப்யூட்டரில் உன்னை மட்டும் எடுத்துவிட்டாள், சுத்தமாகத்தான் எடுத்தாள், ஆனால் அவர் தோளில் உன் விரல் மட்டும் போகவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், சுவரில் அந்த விரலோடு அவர் போகட்டும். அந்தப் படமும் போய்விட்டால் இந்த வீட்டில் நீ இருக்க மாட்டாய். அதனால் அனுப்பு. இப்போது இருக்கிற முகம் வேண்டும், தலைக்கவசம் போட்டிருந்தாலும் சரி.

உன் அம்மா
ரங்கிமாரி